நல்ல பிரேம் கடையை எப்படி கண்டுபிடிக்கிறது? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

சொந்தக்காரங்க குரூப்லயும் சரி, ஆபீஸ்லயும் சரி, மாசத்துக்கு ரெண்டு பேராவது ஒரு படத்தை கையில வெச்சுக்கிட்டு "இதுக்கு எங்க கண்ணாடி போடலாம்"னு என்கிட்ட வந்து நிக்கிறாங்க. நான் பிரேம் கடைக்காரன் எல்லாம் இல்லைங்க. ஒரு தடவை நல்லா சூடு பட்டு, அதுக்கப்புறம் கடை கடையா ஏறி இறங்கி, வேலை செய்யுற அண்ணன்மார் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, தொணதொணன்னு கேட்டு கத்துக்கிட்டவன், அவ்வளவுதான். ஒரே பதிலை திரும்பத் திரும்ப டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விகளை கேட்டவங்க கேட்ட மாதிரியே வெச்சிருக்கேன்.

"மேப்ல போட்டோ பிரேம்னு தேடுனா கண்ணாடிக் கடை, பிளைவுட் கடை, ஸ்டூடியோ, கிஃப்ட் ஷாப் எல்லாம் வருது. இதுல எது நெஜமாவே பிரேம் போடுற கடை?"

கிஃப்ட் ஷாப்ல இருக்குறது ரெடிமேட், உங்க படத்தை அதோட சைஸுக்கு மாத்தணும். ஸ்டூடியோக்காரங்க வாங்கி வெச்சுக்கிட்டு வேற யார்கிட்டயோ குடுப்பாங்க, அதுல தப்பில்ல, ஆனா நீங்க பத்து தடவை சொன்ன விஷயம் வேலை செய்யுறவர் காதுக்குப் போகாது. பிளைவுட் கடையில பிரேம் ஒரு சைடு வேலை.

நெஜமான பிரேம் கடைன்னா செவுரு பூரா "ட" எழுத்து மாதிரி கார்னர் சாம்பிள் வரிசையா மாட்டியிருக்கும், மூலையில ஆள் உயரத்துக்கு பீடிங் (சட்டம் செய்ய வெட்டுற நீளப் பட்டை) நீள நீளமா சாத்தி வெச்சிருக்கும், மேசையில மரத்தூள் கிடக்கும். முக்கியமா, கட் பண்ணி ஆணி அடிக்கிறவர் அங்கேயே இருப்பார், அவர்கிட்ட நீங்க நேரா பேசலாம். எனக்கு அது இருந்தாதான் கடை.

"சென்னையில எந்த ஏரியா? எங்க ஊர் சின்ன ஊர், அங்கன்னா எப்படி தேடுறது?"

சென்னைன்னா எல்லாரும் சொல்றது பாரிமுனை பக்கம் தேவராஜ முதலி தெரு, கந்தகோட்டத்துக்கு பக்கத்துல. முகம் பாக்குற கண்ணாடி, பிரேம், சாமி படம்னு அந்தத் தெருவே கண்ணாடியா மின்னும். நிறைய படம் இருக்கு, ஒரே மாதிரி இருபது பிரேம் வேணும்னா அங்க போங்க, காலையிலயே போயிடுங்க, மதியத்துக்கு மேல கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துல நடக்குறது பெரிய பாடு. ஆனா தாத்தா பாட்டி போட்டோ மாதிரி ஒண்ணே ஒண்ணுன்னா நடந்து போற தூரத்துல இருக்குற கடைதான் நல்லதுன்னு சொல்வேன், ஏன்னா எப்படியும் மூணு தடவை போக வேண்டி வரும்.

சின்ன ஊர்ல தேடுறதுக்கு ரெண்டு வழி. கோயில் சன்னதித் தெருவுல சாமி படம் விக்கிறவங்கள்ல பாதி பேர் அவங்களே கண்ணாடி போடுறவங்களா இருப்பாங்க. இல்லன்னா ஊர்ல படம் வரையுறவர் யாராவது இருப்பாரு, ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் மாதிரி, அவர்கிட்ட "சார் உங்க படத்தை எங்க குடுக்குறீங்க"ன்னு கேளுங்க. ஸ்டார் ரேட்டிங்கை விட இது எனக்கு பலிச்சிருக்கு.

"கடைக்குள்ள போனதும் எதைப் பார்த்து இவர் நல்லா வேலை செய்வாருன்னு முடிவு பண்றது?"

டெலிவரிக்கு ரெடியா செவுத்துல சாய்ச்சு வெச்சிருக்குற வேற யாரோட பிரேமையாவது எடுத்து திருப்பிப் பாருங்க. முன்பக்கம் எல்லா கடையிலயும் அழகாதான் இருக்கும், பின்பக்கம்தான் ஜாதகம். அட்டையோட நாலு ஓரமும் பேப்பர் டேப்பால மூடி தூசி, பூச்சி போகாத மாதிரி இருக்கா, ஆணி வரிசையா படுக்க வெச்சு அடிச்சிருக்கா, கொக்கி ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கா இல்ல அட்டையிலேயே ஒரு வளையத்தை குத்தி விட்டிருக்கா. அட்டையில மாட்டுன வளையம் ரெண்டு வருஷத்துல பிஞ்சு படம் நடுராத்திரி "டமார்"னு விழும், எங்க சித்தி வீட்டுல விழுந்திருக்கு.

அடுத்து மூலை. சட்டத்தோட ரெண்டு துண்டையும் 45 டிகிரியில வெட்டி சேக்கணும். நகத்தால அந்தக் கோட்டுல ஒரு தடவ தடவுங்க, நகம் மாட்டுச்சுன்னா இடைவெளி இருக்குன்னு அர்த்தம். சில பேர் அந்த இடைவெளியில கலர் மெழுகோ மக்கோ (புட்டி மாதிரி பூசுறது) வெச்சு மறைச்சிருப்பாங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். பழைய ஆளுங்க பசை வெச்சு சின்ன ஆணி அடிப்பாங்க, இப்போ மெஷின்ல பின்னாடியிருந்து வி ஷேப் ஆணி இறக்குறாங்க, ரெண்டும் ஓகேதான், கோடு சேரணும் அவ்வளவுதான்.

மூணாவது காடி. சட்டத்துக்கு உள்பக்கம் கண்ணாடி உக்கார்ற பள்ளம் இருக்கு இல்ல, அதுதான் காடி. கண்ணாடி, மவுண்ட் (படத்தைச் சுத்தி வைக்கிற அட்டை), படம், பின் அட்டை நாலும் அந்த ஆழத்துக்குள்ள அடங்கணும். ஆழம் பத்தலன்னா அட்டை வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், ஆணி சரியா பிடிக்காது. நல்ல கடைக்காரர் நீங்க ஒரு பீடிங்கை காட்டுனதும் "இது உங்க படத்துக்கு காடி பத்தாது சார்"னு அவரே சொல்லிடுவார். வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச கடைக்காரர் கிடைச்சா விட்டுடாதீங்க.

"ஒரே சைஸுக்கு ரெண்டு கடையில ரேட் டபுளா வித்தியாசம். எப்படி கணக்கு போடுறாங்க, ஏமாத்துறாங்களா?"

பெரும்பாலும் ஏமாத்து இல்ல, ரெண்டு பேரும் வேற வேற பொருளுக்கு ரேட் சொல்றாங்க. சட்டம் அடி கணக்கு, கண்ணாடியும் அட்டையும் சதுர அடி கணக்கு, அதுக்கு மேல கூலி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 12க்கு 18 இன்ச் போட்டோ, சுத்தி 2 இன்ச் மவுண்ட் வெச்சா 16க்கு 22 ஆயிடும். நாலு பக்கமும் கூட்டுனா 76 இன்ச். மூலை சாய்வா வெட்டுறதால சட்டத்தோட அகலத்தைப் போல எட்டு மடங்கு கூட சேரும், 1 இன்ச் பீடிங்னா 8 இன்ச். மொத்தம் 84 இன்ச், ஏறக்குறைய 7 அடி. கண்ணாடி ஒண்ணரை சதுர அடியில இருந்து கிட்டத்தட்ட ரெண்டரை சதுர அடிக்கு ஏறிடும். அகலமான பீடிங் எடுத்தா ஏன் ரேட் எகிறுதுன்னு இப்போ புரியும்.

அதனால "எவ்வளவு"ன்னு மொட்டையா கேக்காம, "பீடிங் அடி என்ன, கண்ணாடி எத்தனை எம்எம், மவுண்ட் எந்த வகை, பின்னாடி என்ன அட்டை, கூலி தனியா சேர்த்தா"ன்னு கேளுங்க. பிரிச்சு சொல்ல மாட்டேங்குறவர்கிட்ட பேரம் பேசி பிரயோஜனம் இல்ல, நீங்க 100 ரூபா குறைச்சா அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துல 100 ரூபாயை குறைச்சிடுவார்.

"தேக்கு சட்டம்தான் நிலைக்கும்னு அப்பா சொல்றாரு, கடையில ஃபைபர்தான் நல்லதுங்குறாங்க. யார் சொல்றது சரி?"

அப்பா சொல்றது சரி, கடைக்காரர் சொல்றதும் தப்பில்ல. ஃபைபர்னு சொல்றது பிளாஸ்டிக் வகை பீடிங், கரையான் தொடாது, வெயிட் கம்மி, விலையும் கம்மி, டிசைன் ஏராளம். ஆனா பெரிய படம், கனமான கண்ணாடின்னா ஒல்லி ஃபைபர் சட்டம் நடுவுல வளையும். தேக்கு நிக்கும், பாலிஷ் போனா திரும்பப் போட்டுக்கலாம், மூலை விட்டுப் போனா பிரிச்சு ஒட்டலாம். தேக்குன்னு சொல்லி வேற மரத்துல தேக்கு கலர் அடிச்சு குடுக்குறதும் நடக்கும், வெட்டுன முனையைக் காட்டச் சொல்லுங்க, உள்ள வெள்ளையா இருந்து மேல மட்டும் பழுப்பா இருந்தா அது சாயம்.

ஹாலுக்கு மாட்டுற டூர் போட்டோவுக்கு எல்லாம் தேக்கு வேணாம், காசு வேஸ்ட்.

"லேமினேஷன் பண்ணிட்டா கண்ணாடியே வேணாமே, உடையாது, தொடைச்சா போதும். அதுவே பெட்டர்தானே?"

காப்பி எடுக்க முடியுற படத்துக்கு தாராளமா பண்ணுங்க. கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ எல்லாம் ஃபைல் உங்ககிட்ட இருக்கு, மரத்தூளை அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் பலகையில ஒட்டி மேல ஃபிலிம் போட்டுக் குடுப்பாங்க, சின்னப் பசங்க இருக்குற வீட்டுக்கு அதுதான் வசதி. ஒண்ணு மட்டும், எம்டிஎஃப் தண்ணிய குடிச்சு உப்பும், மழைக்கு ஓதம் அடிக்கிற செவுத்துல மாட்டாதீங்க.

ஒரே ஒரு பிரதிதான் இருக்குன்னா லேமினேஷன் பக்கமே போகாதீங்க. ஒட்டுனது ஒட்டுனதுதான், பிரிக்க முடியாது, பிரிச்சா படத்தோட தோல் ஃபிலிமோட வந்துடும். இந்தப் பக்கம் பூரா நான் சொல்றதே இது ஒண்ணுதான்னு வெச்சுக்கோங்க: இந்தக் கடையில குடுத்தா என் படம் என்னைக்காவது போன மாதிரியே வெளிய வருமா? வரும்னா அது நல்ல கடை.

"மவுண்ட் மவுண்ட்னு கேக்குறாங்களே, அது சும்மா அழகுக்குதானே? காசு புடுங்குற வேலையா?"

நானும் அப்படித்தான் நெனச்சேன். படத்தைச் சுத்தி வெள்ளையா வர்ற அந்த அட்டைக்கு ரெண்டு வேலை. ஒண்ணு அழகு. இன்னொண்ணு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் ஒண்ணரை மில்லிமீட்டர் காத்து இருக்க வைக்கிறது. நம்ம ஊர் புழுக்கத்துக்கு அந்த இடைவெளி உயிர்நாடி. பழைய போட்டோ மேல ஜெலட்டின்னு ஒரு படலம் இருக்கு, ஈரத்துல அது இளகி கண்ணாடியோட ஒட்டிக்கும். மவுண்ட் பிடிக்கலன்னா பரவாயில்ல, ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம மெல்லிசா ஒரு பட்டி வெச்சு கண்ணாடியை தூக்கச் சொல்லுங்க.

அட்டையிலயும் விஷயம் இருக்கு. வீட்டுல பழைய படம் இருந்தா மவுண்டோட உள் ஓரத்தைப் பாருங்க, சாய்வா வெட்டுன அந்த விளிம்பு டீக்கறை மாதிரி பழுப்பா இருக்கும், அது பட்ட இடத்துல படத்துலயும் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும். மரக்கூழ் அட்டையில இருக்குற அமிலம் பண்ற வேலை அது. ஆசிட் ஃப்ரீ மவுண்ட்னு கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா ஒரிஜினலுக்கு மட்டும் போட்டா போதும். "அப்படின்னா என்ன சார்"னு கேக்குற கடையும் இருக்கும், அங்க ஒரிஜினலை குடுக்காதீங்க.

"கண்ணாடியில எத்தனை வகை? நான்கிளேர் போட்டா நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

சாதா கண்ணாடி 2 எம்எம், 3 எம்எம். சதுர மீட்டருக்கு ஒவ்வொரு எம்எம்முக்கும் இரண்டரை கிலோ, அதாவது 2 அடிக்கு 3 அடி படத்துல 2 எம்எம் போட்டா கிட்டத்தட்ட 2.8 கிலோ, 3 எம்எம் போட்டா 4 கிலோவுக்கு மேல, கண்ணாடி மட்டும். வீட்டுப் படத்துக்கு 2 எம்எம் போதும். நான்கிளேர்னா பளபளப்பு அடிக்காத கண்ணாடி, அதுல எதிர் ஜன்னல் தெரியாது, அது உண்மை, ஆனா படத்துல இருந்து தள்ளி வெச்சா லேசா புகை மூட்டம் போட்ட மாதிரி ஆயிடும், அதனால மவுண்ட் கனமா வைக்கிற படத்துக்கு அதை போடாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு துண்டை உங்க படத்து மேல ஒரு விரக்கடை தூக்கிப் பிடிச்சுப் பாருங்க.

அக்ரிலிக் வெயிட் இல்ல, உடையாது, கொரியர்ல அனுப்பலாம். ஆனா கீறல் விழும், துணியால தேய்க்கத் தேய்க்க தூசியை இழுக்கும். கரியிலயோ பேஸ்டல்லயோ வரைஞ்ச படத்துக்கு அக்ரிலிக் போட்டா படத்துல இருக்குற பொடியையே மேல இழுத்துக்கும். வெயில் விஷயத்துல சாதா கண்ணாடியை நம்பாதீங்க, நிறத்தை வெளுக்க வைக்கிற புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதி அதுவழியா உள்ள வந்துடும். அதைத் தடுக்குற கண்ணாடி தனியா இருக்கு, விலை கையைக் கடிக்கும், அதுக்கு பதிலா மேற்கு ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாம இருந்தா காசு மிச்சம்.

"அண்ணா அவசரம், பாட்டி தவறிட்டாங்க, நாளைக்கு காலையில மாலை போட போட்டோ வேணும். யார்கிட்ட குடுக்குறது?"

இதுக்கு இந்தப் பக்கத்துல சொன்ன எதையும் பாக்க வேணாம். பக்கத்துல இருக்குற ஸ்டூடியோவுக்குப் போங்க, ராத்திரின்னாலும் ஷட்டரை தட்டுனா திறப்பாங்க, நம்ம ஊர்ல துக்க வீட்டுப் படம்னா பெரும்பாலும் யாரும் முடியாதுன்னு சொல்றதில்ல. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பும்போது சும்மா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா சுருங்கிப் போய் பெருசு பண்ணா முகம் கலங்கிடும். லேமினேஷன் போதும். 16ஆம் நாள் காரியத்துக்குள்ள நிதானமா நல்ல பிரேமா பண்ணிக்கலாம். குரூப் போட்டோவுல இருந்து முகத்தை வெட்டி எடுக்குறதா இருந்தா பின்னாடி இருக்குற அடுத்தவங்க தோளை அழிச்சாச்சான்னு மட்டும் யாராவது பதட்டம் இல்லாத ஆள் ஒரு தடவை பாருங்க.

"பழைய போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. கடையில பிளேடு வெச்சு எடுத்துத் தர்றேங்குறாங்க, குடுக்கலாமா?"

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். பிளேடும் வேணாம், ஹேர் டிரையரும் வேணாம், யூட்யூப் பார்த்து தண்ணியில ஊற வைக்கிறதும் வேணாம். மேல மவுண்ட் கேள்வியில சொன்ன அந்த ஜெலட்டின் படலம் கண்ணாடியில ஒட்டியிருக்கு, இழுத்தா முகம் கண்ணாடியில நின்னுடும், வெறும் பேப்பர்தான் கையில வரும்.

முதல்ல கண்ணாடியோடவே நல்ல காப்பி எடுத்துடுங்க. நிழல்ல, பக்கவாட்டு வெளிச்சத்துல வெச்சு, கருப்புத் துணியை முன்னாடி பிடிச்சுக்கிட்டு நேரா மேலேருந்து எடுத்தா பளபளப்பு விழாது. அதை பிரிண்ட் போட்டு பிரேம் பண்ணிக்கோங்க, ஒரிஜினலை கண்ணாடியோடவே காகிதம் சுத்தி பீரோவுல படுக்க வெச்சுடுங்க. வெள்ளத்துல நனைஞ்சு போன படம்னா கதை நேர் எதிர்: 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல எத்தனையோ வீட்டுல பிரேமோட காய வெச்சு கெடுத்துக்கிட்டாங்க. ஈரம் இருக்கும்போதே பிரேமை பிரிச்சு படத்தை வெளிய எடுக்கணும், காஞ்சா ஒட்டிக்கும். அப்பவும் மெதுவா வந்தா மட்டும் எடுங்க, வரலன்னா விட்டுடுங்க.

"ஒரிஜினலை கடையில விட்டுட்டு வரவே பயமா இருக்கு. தொலைச்சிட்டா? கெடுத்துட்டா?"

நான் சூடு பட்ட கதை இதுதான். எங்க தாத்தா சின்ன வயசுல ஸ்டூடியோவுல நின்னு எடுத்த போட்டோ, கெட்டி அட்டையில ஒட்டுனது, கீழ வலது பக்கத்துல ஸ்டூடியோ பேரும் ஊரும் புடைச்ச எழுத்துல அச்சு குத்தியிருக்கும். சின்ன வயசுல அந்த எழுத்தை விரலால தடவிக்கிட்டே இருப்பேன். ஒரு கடையில குடுத்தேன், அவங்ககிட்ட ரெடியா வெட்டி வெச்ச சட்டம் ஒண்ணு இருந்திருக்கு, அதுல அடங்கலன்னு அட்டையை கீழ ஒரு இன்ச் ட்ரிம் பண்ணிட்டாங்க. பார்சலை பிரிச்சுப் பார்த்தா தாத்தா இருக்கார், ஊர் பேர் இல்ல. திரும்ப ஓடிப் போய் கேட்டா குப்பைக்கூடையை கொட்டியாச்சுன்னாங்க. அவங்க கண்ணுக்கு அது வெறும் அட்டை ஓரம். தப்பு என் மேலயும் இருக்கு, நான் எதுவும் சொல்லாம குடுத்துட்டு வந்தேன்.

அதனால இப்போ நான் பண்றது: குடுக்குறதுக்கு முன்னாடி படத்து பக்கத்துல ஸ்கேல் வெச்சு முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்குவேன். ரசீதுல "ட்ரிம் பண்ணக் கூடாது, பசை, செலோடேப், டபுள் சைடு டேப் போடக் கூடாது, மூலையில படத்தைச் செருகுற பேப்பர் கார்னர் மட்டும்"னு கடைக்காரர் கையாலயே எழுதச் சொல்வேன். அவர் கையால எழுதுனாதான் வேலை செய்யுற பையனுக்கு புரியும். பெவிகால் போட்டு முழுசா அட்டையில ஒட்டிட்டா சுருக்கம் இல்லாம நிக்கும்னு சொல்வாங்க, காப்பிக்கு சரி, ஒரிஜினலுக்கு கூடாது, காரணம் லேமினேஷன் பதில்ல சொன்னதேதான். இன்னும் ஒரு வழி, அளவை மட்டும் குடுத்து பிரேமை செய்யச் சொல்லிட்டு, மாட்டுற அன்னைக்கு மட்டும் படத்தை எடுத்துட்டுப் போய் கூடவே இருந்து போட்டுக்கிட்டு வந்துடுங்க. இப்போ நான் தாத்தா காலத்து படத்துக்கெல்லாம் இப்படித்தான்.

"ஆச்சி வீட்டுல ரவிவர்மா படம் ஒண்ணு இருக்கு, கண்ணாடி உடைஞ்சு சட்டமும் ஆடுது. புது பிரேம் போட்டுடலாமா?"

அவசரப்படாதீங்க. ரவிவர்மா 1894ல பம்பாய் பக்கம் அச்சகம் ஆரம்பிச்சு லட்சுமி, சரஸ்வதின்னு அடிச்ச படங்கள் செட்டிநாட்டு வீடுகள்ல நிறைய இருக்கு. அது அச்சுப் படம்தான், கையால வரைஞ்சது இல்ல, ஆனா நூறு வருஷ அச்சு. கீழ் ஓரத்துல அச்சகத்தோட பேர் சின்னதா இருக்கும், அதை வெச்சுதான் எப்போ அடிச்சதுன்னு தெரிஞ்சவங்க சொல்வாங்க. என் தாத்தா அட்டைக்கு ஆனது அதுக்கும் ஆகிடக் கூடாது. சில படத்துல சேலைக்கு மேல நெஜத் துணி, சரிகை, சம்கி எல்லாம் வெச்சு தைச்சிருப்பாங்க, அதுக்கு கண்ணாடி தொடாம ஆழமான காடி வேணும்.

பழைய சட்டத்தை தூக்கிப் போடாதீங்க, அந்த மாதிரி சட்டங்களை வாங்குறதுக்குன்னே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகளுக்கு ஆள் வருது. ஆடுற மூலையை பிரிச்சு பசை வெச்சு இறுக்கி, கண்ணாடியும் பின் அட்டையும் மட்டும் புதுசு போட்டா போதும்.

"தஞ்சாவூர் பெயிண்டிங் கிஃப்ட் வந்திருக்கு, பிரேம் இல்லாம. சாதா கடையில போடலாமா?"

தஞ்சாவூர் படம் போட்டுப் பழகுன கடையா பாருங்க. பலகை மேல துணி ஒட்டி, மக்கு வெச்சு புடைப்பா எழுப்பி, கல் பதிச்சு, தங்க ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு) ஒட்டுனது அது, பலகைப் படம்னே ஒரு பேர் உண்டு. 2007-08ல புவிசார் குறியீடும் வாங்குன கலை. கண்ணாடி அந்தப் புடைப்பு மேல உக்காந்தா கல் தெறிக்கும், ரேக்கு சுரண்டும். இருக்குறதுலயே உயரமான கல்லுக்கு மேல கால் இன்ச்சாவது இடைவெளி விடுற மாதிரி பெட்டி பிரேம் கேளுங்க. கடைக்காரர் தூசி தட்டுறேன்னு ஈரத் துணியை எடுத்தா கையைப் பிடிச்சுக்கோங்க, நெஜமாதான் சொல்றேன்.

"பையனோட டிகிரி சர்டிபிகேட்டை பிரேம் போட்டு ஹால்ல மாட்டலாம்னு இருக்கேன்."

சந்தோஷம், ஆனா கலர் காப்பியை போடுங்க. ஒரிஜினலை வேலைக்கு, வெளிநாட்டுக்கு எல்லாம் கேப்பாங்க, ஒவ்வொரு தடவையும் ஆணியைப் பிடுங்கிக்கிட்டு இருக்க முடியாது. லேமினேஷனும் வேணாம், சில வேலைக்கு பின்பக்கம் முத்திரை குத்தணும், ஃபிலிம் மேல எப்படி குத்துறது.

"அம்மாவோட கூரைப்புடவை முந்தானையை பிரேம் பண்ண முடியுமா?"

முடியும், ஆனா பசை போடாம துணி சுத்துன பலகையில ஊசி நூலால தைச்சு மாட்டுற கடையா இருக்கணும். "ஒட்டிடலாம் மேடம்"னு சொன்னா நன்றி சொல்லிட்டு கெளம்பிடுங்க. வெட்டாமலும் பண்ணலாம், மீதிப் புடவையை மடிச்சு பின்னாடி வைக்கிற மாதிரி ஆழமான பெட்டியா செய்யலாம், கனம் கூடும், ஆனா புடவை முழுசா இருக்கும். துவைச்சு நல்லா காய வெச்சுட்டு குடுங்க, வியர்வை இருந்த இடம் உள்ளேயே பழுப்பாகும்.

"பூஜை ரூம் படத்துல எல்லாம் கீழ் ஓரத்துல மட்டும் கறை ஏறுது. கடைக்காரர் வேலை சரியில்லையா?"

கடைக்காரர் மேல பழி போடாதீங்க, அது நம்ம பக்தி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சந்தனத்தை தண்ணியா கரைச்சு கண்ணாடியில பொட்டு வைக்கிறோம், அது வழிஞ்சு கீழ சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இறங்கி, காடியில தேங்கி, படம் அதை உறிஞ்சிடுது. சாமி படம் எதை எடுத்துப் பாருங்க, மேல் ரெண்டு மூலையும் புதுசா இருக்கும், பாதம் இருக்குற இடம்தான் போயிருக்கும். சந்தனத்தை கெட்டியா குழைச்சு வைங்க, படத்தை தொடைக்கும்போது தண்ணியை துணியில நனைச்சு பிழிஞ்சு தொடைங்க, கண்ணாடியில நேரா தெளிக்காதீங்க. புதுசா பிரேம் போடும்போது உள்பக்கம் கண்ணாடியோட கீழ் ஓரத்தை டேப் போட்டு அடைக்கச் சொன்னா பாதி பிரச்சனை தீரும்.

கண்ணாடி உடைஞ்சா அபசகுனமான்னும் கூடவே கேக்குறாங்க. கண்ணாடியை மாத்துங்க, அவ்வளவுதான். நல்ல படத்தை எல்லாம் கொண்டு போய் அரசமரத்தடியில வெச்சுட்டு வர்றதைப் பார்த்தா எனக்குத்தான் மனசு கேக்காது.

"வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்க விட மாட்டார். அதோட ஒரு செவுரு எப்பவும் ஓதமா இருக்கு."

ஒட்டுற கொக்கியை கண்ணாடி பிரேமுக்கு நம்பாதீங்க, மேல சொன்ன வெயிட் கணக்கை ஒரு தடவை பாருங்க. சுண்ணாம்பு செவுருன்னா பெயிண்டோட சேர்ந்து உரிஞ்சு வரும். அலமாரி மேல சாய்ச்சு வைங்க, கீழ ரப்பர் துண்டு வெச்சா வழுக்காது. ஓதச் செவுத்துல, பாத்ரூமை ஒட்டுன செவுத்துல, பூசி ஒரு மழைக்காலம் கூட தாண்டாத புதுச் செவுத்துல படமே மாட்டாதீங்க, பின்னாடி பூஞ்சை பிடிக்கும். வேற எங்க மாட்டுனாலும் பிரேமோட கீழ் ரெண்டு மூலைக்கும் பின்னாடி கார்க்கோ ரப்பரோ சின்னப் பொத்தான் மாதிரி ஒட்டச் சொல்லுங்க, செவுத்துக்கும் படத்துக்கும் நடுவுல காத்து ஓடும். நல்ல கடையில கேக்காமலே ஒட்டித் தருவாங்க.

"இதெல்லாம் கேட்டா கடைக்காரர் கோச்சுக்க மாட்டாரா? உள்ள என்ன போட்டிருக்கார்னு பிரிச்சுக் காட்டச் சொல்றது ஒரு மாதிரி இருக்கே."

மூடுனதுக்கப்புறம் பிரிச்சுக் காட்டுன்னா யாருக்கும் கோவம் வரும், அது அவர் வேலையை சந்தேகப்படுற மாதிரி. அட்வான்ஸ் குடுக்கும்போதே சிரிச்சுக்கிட்டு "அண்ணே, பின் அட்டை மூடுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போடுங்க, நான் வந்து ஒரு தடவை பார்த்துக்கிறேன்"னு சொல்லிடுங்க. வேலை தெரிஞ்சவர் இதுக்கு கோச்சுக்கிட்டு நான் பார்த்ததில்ல, ஆர்வமாதான் காட்டுவாங்க. முகூர்த்த மாசத்துல கேக்காதீங்க, அப்போ மூச்சு விட நேரம் இருக்காது, ஆடியிலயோ மார்கழியிலயோ குடுத்தா பொறுமையா செய்வாங்க.

நான் இப்போ போற கடையில போன மாசம் அப்படித்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்து, அவர் ஆணி அடிச்சு மூடுனதுக்கப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு, கண்ணாடிக்கு உள்ள பாட்டி கன்னத்துக்கு நேரா ஒரே ஒரு முடி. நான் பரவாயில்லண்ணேன்னுதான் சொன்னேன். "அது எப்படி சார், நீங்க தினமும் பாக்கப் போறீங்க இல்ல"ன்னு அடிச்ச ஆணி எல்லாத்தையும் குறடால ஒவ்வொண்ணா பிடுங்கி, பிரஷ்ஷால தட்டிட்டு திரும்ப மூடுனார். மேல ஒரு பைசா வாங்கல, டீ மட்டும் நான் வாங்கிக் குடுத்தேன்.